1920களின் லண்டன் விருந்துகள்: கணக்கைத் தீர்த்தது யார்?

பற்றுவரவு (இழையைத் தொடங்கியவர்)

முப்பத்தைந்து ஆண்டுகள் தணிக்கை வேலையில் கழித்தவன் நான். எந்த விருந்தின் படத்தைப் பார்த்தாலும், ரசீது யார் பெயரில் போடப்பட்டிருக்கும் என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழும். முதல் உலகப் போர் முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள் லண்டனில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அடித்த கும்மாளம் இந்தக் களத்தில் அவ்வப்போது பேசப்படுகிறது. ஆனால் "போரில் அண்ணன்மாரைப் பறிகொடுத்த பிள்ளைகள், நாளை என்பதன் மேல் நம்பிக்கை போய்விட்டது, ஆகவே ஆடித் தீர்த்தார்கள்" என்ற ஒரே விளக்கத்தோடு அந்தப் பேச்சு ஒவ்வொரு முறையும் அடங்கிவிடுகிறது. அந்த விளக்கத்தைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் துக்கத்தைக் கொடுத்து ஷாம்பெயின் வாங்க முடியாது. அதற்கு யாரோ காசோலை எழுதியிருக்க வேண்டும்.

1928 ஜூலை 13 அன்று இரவு நடந்ததைப் பாருங்கள். பக்கிங்ஹாம் அரண்மனைச் சாலையில் இருந்த செயின்ட் ஜார்ஜ் நீச்சல்குளத்தில் நான்கு பேர் சேர்ந்து விருந்து வைத்தார்கள். எலிசபெத் பொன்சன்பி, பேப் பிளங்கெட் கிரீன், பிரையன் ஹோவர்டு, எட்வர்டு கேதோர்ன்-ஹார்டி என்பவர்களே அந்த நால்வர். நீச்சலுடையில் வரவேண்டும், ஒரு துண்டும் ஒரு குப்பி மதுவும் கையில் கொண்டுவரவேண்டும் என்பது அழைப்பு. வண்ண விளக்கொளி விழுந்த தண்ணீரில் பூக்களும் ரப்பர்க் குதிரைகளும் மிதக்க, கரையில் ஜாஸ் குழு வாசிக்க, ஈரத் துணியோடு விடிய விடிய ஆடியிருக்கிறார்கள். குப்பி கொண்டுவரச் சொன்னதை எல்லோரும் குறும்பு என்று ரசிக்கிறார்கள். எனக்கோ அது கணக்குப் புத்தகத்தின் முதல் வரியாகத் தெரிகிறது, ஏனென்றால் அழைத்தவர்களின் கையில் ரொக்கம் இல்லை என்பதை அது சொல்லிவிடுகிறது.

எலிசபெத்தின் தந்தை ஆர்தர் பொன்சன்பி வின்சர் கோட்டையில் பிறந்தவர், விக்டோரியா அரசியின் அந்தரங்கச் செயலரின் மகன். அப்படிப்பட்டவர் போரை எதிர்த்தார், அதனால் 1918இல் நாடாளுமன்ற இடத்தை இழந்தார், பிறகு தொழிற்கட்சியில் சேர்ந்து 1922இல் ஷெஃபீல்டு நகரின் பிரைட்சைடு தொகுதியில், அதாவது எஃகு உருக்கும் தொழிலாளர் நடுவில் நின்று, வென்றார். அந்தக் காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 400 பவுண்டு சம்பளம். மகளின் விருந்துகளுக்கு ஈடுகொடுக்க அது எந்த மூலைக்குக் காணும்? தாயும் தந்தையும் எழுதிவந்த நாட்குறிப்புகளில் மகளின் கடனும் குடியும் அதைப் பற்றிய மனவேதனையும் மீண்டும் மீண்டும் வருகின்றன. பிரபுக்களின் வீழ்ச்சியைப் பற்றி 1912இலேயே நூல் எழுதிய மனிதர் இவர் என்பதையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கூட்டத்தைப் போர் உருவாக்கியது என்பதைவிட, பெற்றோரின் கடன் அடைக்கும் பழக்கமும் பத்திரிகைகளின் பசியும் சேர்ந்து உருவாக்கின என்பது என் வாதம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

நெய்தல்

ஐயா, தணிக்கையாளரின் கண்ணுக்குச் செலவு தெரிகிறது, இழப்பு தெரியவில்லை. செல்வர் வீட்டுப் பையன்கள் படித்த ஈட்டன் பள்ளியில் படித்தவர்களில் போருக்குப் போனவர் ஏறத்தாழ 5,600 பேர், அவர்களில் திரும்பாதவர் 1,157 பேர். ஐந்தில் ஒருவர் என்பது ஒரு வகுப்பறையில் எத்தனை இருக்கை என்று எண்ணிப் பாருங்கள். பள்ளித் தேவாலயத்துச் சுவரில் ஒவ்வொரு வாரமும் பெயர்கள் நீண்டுகொண்டே போவதைப் பார்த்து வளர்ந்த தம்பிகளும் தங்கைகளுமே நீங்கள் சொல்லும் கூட்டத்தினர்.

ஸ்டீபன் டெனன்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிளென்கானர் பிரபுவின் கடைக்குட்டி, 1906இல் பிறந்தவர். மூத்த அண்ணன் எட்வர்டு 1916இல் சோம் போர்முனையில் இறந்தபோது அவனுக்கு வயது 19, ஸ்டீபனுக்குப் பத்து. தாய் பமேலா அதன்பின் ஆவிகளோடு பேசும் அவைகளில் இறந்த மகனைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை முகத்துக்குப் பொடி பூசி, தலைமுடியில் தங்கத் துகள் தூவிக்கொண்டு விருந்துக்கு வந்தான் என்றால், அதை ஊதாரித்தனம் என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

காதலும் இந்த இழையில் பேசப்பட வேண்டியது என்பதால் இதையும் சொல்கிறேன். 1927இல் ஸ்டீபனுக்கும் கவிஞர் சீக்ஃபிரீட் சசூனுக்கும் நெருக்கம் ஏற்பட்டது. சசூனுக்கு அப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. போர்முனையில் வீரப்பதக்கம் பெற்று, பிறகு போரையே எதிர்த்து அந்தப் பதக்கத்தின் நாடாவை மெர்சி ஆற்றில் எறிந்தவர் அவர். பதுங்குகுழியின் சேற்றைக் கண்ட மனிதர், சேறே படாத இந்த அழகனிடம் எதைக் கண்டார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆணோடு ஆண் கூடுவது குற்றம் என்ற சட்டம் இங்கிலாந்தில் 1967வரை நீடித்தது. ஆகவே இருவரும் சேர்ந்து பயணம் போனார்கள், ஸ்டீபனுக்குக் காசநோய் வந்தபோது சசூன் பக்கத்திலேயே இருந்து கவனித்தார், ஆனால் உறவுக்கு வெளியில் சொல்லக்கூடிய பெயர் இல்லை. 1933இல் மருத்துவர் எழுதிய கடிதம் ஒன்றின் வழியாக ஸ்டீபன் தொடர்பை அறுத்துக்கொண்டார். அந்த ஆண்டின் முடிவுக்குள் சசூன் ஒரு பெண்ணை மணந்தார். இதில் எந்த வரியை நீங்கள் பற்றில் எழுதுவீர்கள், எதை வரவில் வைப்பீர்கள்?

வரிச்சீட்டு

நெய்தலின் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. பற்றுவரவு சொன்ன பணக் கணக்கில் மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். "பழைய பிரபுக் குடும்பங்களின் பணம்" என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் பழைய பணம் அல்ல. டெனன்ட் குடும்பத்தின் செல்வம் வெளுக்கும் தூளில் வந்தது. 1799இல் கிளாஸ்கோவில் சார்லஸ் டெனன்ட் பெயரில் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. துணி வெளுக்கும் தூள் விற்ற காசில்தான் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் பட்டு உடுத்தினார்கள். இதே கூட்டத்தைச் சேர்ந்த பிரையன் கின்னஸின் செல்வம் பீரில் வந்தது என்று அந்தப் பெயரை உச்சரித்தாலே தெரியும். நம் வாசகர்கள் கடைசி வைஸ்ராயின் மனைவியாக அறிந்த எட்வினா மவுன்ட்பேட்டனும் இதே 1920களின் லண்டன் செல்வச் சீமாட்டிதான். அவருடைய பணம் தாய்வழித் தாத்தாவும் வங்கியாளருமான எர்னஸ்ட் கேசல் 1921இல் விட்டுச்சென்றது. எகிப்தின் பழைய அஸ்வான் அணைக்கு நிதி திரட்டித் தந்தவர் அந்தக் கேசல்.

உண்மையில் நிலத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது இறங்குமுகக் காலம். 1919இல் 20 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட சொத்துக்கு இறப்புவரி 40 சதவீதமாக உயர்ந்தது. தந்தையும் வாரிசு மகனும் போரில் அடுத்தடுத்து இறந்த வீடுகளில் சுமை எப்படி ஏறியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிக்காடிலியில் இருந்த டெவன்ஷயர் மாளிகை 1920இல் விற்கப்பட்டு 1924இல் இடிக்கப்பட்டது. பார்க் லேனில் குரோவ்னர் மாளிகை இருந்த இடத்தில் பத்தாண்டு முடிவதற்குள் ஓட்டல் எழும்பிவிட்டது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். அந்தப் பிள்ளைகள் செலவழித்ததில் ஒரு பகுதி இறந்த யானையின் விலை என்றுதான் எனக்குப் படுகிறது. சொந்த வீட்டு நடனக்கூடம் போனபின்தானே ஒருவன் வாடகை நீச்சல்குளத்தில் விருந்து வைப்பான்?

அச்சுக்கூடம்

பத்திரிகையின் பசி என்று தொடக்கப் பதிவில் ஒரு சொல் வந்து, யாரும் தொடாமல் கிடக்கிறது. நான் அச்சுத் தொழிலில் இருந்தவன், ஆகவே அதை எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கூட்டம் 1924 வாக்கில் வெளியுலகின் கண்ணில் பட்டது புதையல் வேட்டைகளால். நள்ளிரவில் கார்களில் ஏறிக்கொண்டு, ஒரு துப்பிலிருந்து அடுத்த துப்புக்கு லண்டன் தெருக்களில் விரைவது அந்த விளையாட்டு. சீட்டா, தெரேசா ஜங்மன் என்ற சகோதரிகளும் அவர்களுடைய தோழிகளும் தொடங்கிவைத்தது. பத்திரிகைகள் அதைக் கண்டித்தன, கண்டித்துக்கொண்டே பக்கம் பக்கமாக எழுதின. சில ஆண்டுகளில் நிலைமை இன்னும் விந்தையாயிற்று, ஏனெனில் எழுதுபவரும் ஆடுபவரும் ஒருவராகவே ஆகிவிட்டார்கள். 'டெய்லி ஸ்கெட்ச்' இதழில் கிசுகிசு எழுதிய பேட்ரிக் பால்ஃபர் பின்னாளில் கின்ராஸ் பிரபு ஆனவர். 'சண்டே எக்ஸ்பிரஸ்' இதழில் எழுதிய காசில்ராஸ் என்பவர் ஒரு பிரபுக் குடும்பத்து வாரிசு. 'டெய்லி எக்ஸ்பிரஸ்' இதழின் டாம் டிரைபெர்க் பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர். நான் மேலே படித்த நீச்சல்குள விருந்திலும் அவர் இருந்தார். முன்பு பிரபு வீட்டுச் செய்தி வேண்டுமென்றால் நிருபர் பின்வாசலில் வேலைக்காரனிடம் காசு கொடுத்துக் கேட்பார். இப்போது நிருபர் முன்வாசல் வழியாக அழைப்பிதழோடு உள்ளே போனார். வரிச்சீட்டு சொன்ன இறங்குமுகத்துக்கு இதுவும் ஒரு சான்று: பிரபுவின் மகனுக்கே பத்திரிகைச் சம்பளம் தேவைப்பட்டிருக்கிறது.

பத்திரிகைக்காகவே நிகழ்ச்சி வைக்கும் கட்டமும் வந்தது. 1929 ஜூலையில் பிரையன் கின்னஸ் வீட்டில் "புருனோ ஹாட்" என்ற ஜெர்மானிய ஓவியரின் கண்காட்சி நடந்தது. அப்படி ஓர் ஓவியரே கிடையாது. பிரையன் ஹோவர்டு குளியலறைத் தக்கை விரிப்புகளில் வண்ணம் தீட்டி, சட்டத்துக்குப் பதில் கயிற்றைச் சுற்றி மாட்டியிருந்தார். கின்னஸின் மைத்துனர் டாம் மிட்ஃபோர்டு ஒட்டுமீசையும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சக்கர நாற்காலியில் அமர்ந்து, ஜெர்மானிய இழுவையில் முனகிக்கொண்டிருந்தார். எழுத்தாளர் லிட்டன் ஸ்ட்ரேச்சி ஒரு படத்தை விலை கொடுத்து வாங்கினார். ஏமாந்து வாங்கினாரா, கின்னஸின் மனைவி டயானாவை மகிழ்விக்க வாங்கினாரா என்றால், இரண்டாவதாகத்தான் இருக்கும். எனக்கு அந்தப் படங்களைவிடத் தக்கை விரிப்பின் மேல்தான் ஆசை. அந்தச் சொரசொரப்பில் எண்ணெய் வண்ணம் எப்படித் திட்டுத் திட்டாகப் பிடித்திருக்கும் என்பதைத் தூரிகை பிடித்தவர்கள் ஊகிக்கலாம்.

மதுரைப்பெண்

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். எலிசபெத்தின் கடன், எலிசபெத்தின் குடி, எலிசபெத்தின் தந்தை பட்ட பாடு என்று முதல் பதிவு முழுவதும் இருக்கிறது. அதே நீச்சல்குளத்தில் மற்ற மூவரும் விருந்து வைத்தார்களே, பிரையன் ஹோவர்டு தாயின் பணத்தில் வாழ்நாள் முழுவதும் வாழ்ந்தாரே, அவருடைய கணக்கு எங்கே? அவருக்கு "எழுதப்படாத கவிதைகளின் கவிஞர்" என்ற பரிவு கிடைக்கிறது, எலிசபெத்துக்குக் கடன்காரி என்ற பெயர்தான் கிடைக்கிறது.

அந்த நாட்களை நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். ஆணுக்கு நிகராக 21 வயதிலேயே பெண்ணுக்கும் வாக்குரிமை தரும் சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது 1928 ஜூலை 2 அன்று. பதினோரு நாள் கழித்து இந்த நீச்சல்குள விருந்து. அந்தச் சட்டத்தை எதிர்த்த பத்திரிகைகள் "குட்டைப்பாவாடைக்காரிகளுக்கு வாக்கா" என்ற தோரணையில் மாதக்கணக்காக எழுதிவந்தன. ஓர் இளம்பெண் காக்டெயில் குவளையோடு இருக்கும் படம் அவர்களுக்கு எவ்வளவு வசதியான சான்று என்பதை யோசிக்க வேண்டாமா?

பிரெண்டா டீன் பால் இன்னொருவர். தந்தை பாரோனெட், தாய் இசையமைப்பாளர், தாய்வழித் தாத்தா புகழ்பெற்ற போலந்து வயலின் கலைஞர் வீனியாவ்ஸ்கி. மார்ஃபின் பழக்கத்துக்கு ஆளாகி, 1930களில் கைதும் நீதிமன்றமும் மருத்துவ விடுதியுமாக அலைந்தார். ஒவ்வொரு முறையும் நீதிமன்ற வாசலில் புகைப்படக்காரர்கள் காத்திருந்தார்கள். நோயாளியை நோயாளியாகப் பார்க்காமல் தொடர்கதையாகப் பார்த்த காலம் அது.

அடுத்து டயானா மிட்ஃபோர்டு. 1929 ஜனவரியில் பிரையன் கின்னஸை மணந்தபோது அவருக்கு வயது 18. புருனோ ஹாட் கூத்து நடந்தது இந்த இளந்தம்பதியின் வீட்டில்தான். அழகு, பணம், அன்பான கணவன், இரண்டு ஆண் குழந்தைகள் எல்லாம் இருக்க, 1932இல் ஆஸ்வால்டு மோஸ்லியின் மேல் காதல் கொண்டு வீட்டைவிட்டு வெளியேறினார். மோஸ்லி அந்த ஆண்டுதான் பிரிட்டிஷ் ஃபாசிச ஒன்றியத்தைத் தொடங்கினார், மனைவியும் உள்ளவர். மணவிலக்கு வழக்கில் அக்காலக் கனவான்களின் வழக்கப்படி பிரையன் குற்றத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். டயானாவும் மோஸ்லியும் 1936இல் பெர்லினில் நாஜி அமைச்சர் கோயபல்ஸ் வீட்டில் மணம் செய்துகொண்டார்கள். ஹிட்லர் வந்திருந்தார். இங்கே நான் டயானாவுக்காக வாதாடப் போவதில்லை. எலிசபெத்தின் கடன் அவருடைய வீட்டைத்தான் அரித்தது, டயானாவின் காதலுக்கு அதைவிடப் பெரிய பில் வந்தது என்று மட்டும் சொல்கிறேன். ஆனாலும் எலிசபெத்தின் பெயருக்குத்தான் நாம் பெருமூச்சு விடுகிறோம்.

சட்டப்புத்தகம்

குப்பி விஷயத்தில் ஒரு சிறு குறிப்பு. போர்க்காலக் கட்டுப்பாடுகளின் எச்சமாக மது விற்கும் நேரத்துக்குக் கடுமையான வரம்பு இருந்தது. 1924 முதல் 1929 வரை உள்துறை அமைச்சராக இருந்த ஜாய்ன்சன்-ஹிக்ஸ் இரவு விடுதிகளைத் துரத்தித் துரத்திச் சோதனையிட்டார். தனிப்பட்ட விருந்தில் விருந்தினர் தாமே கொண்டுவந்த மதுவுக்கு இந்த வரம்பு பொருந்தாது. ஆகவே குப்பி கொண்டுவரச் சொன்னது வறுமையும்தான், வழக்கறிஞர் மூளையும்தான்.

விடுதிகளில் பணம் எப்படிப் பாய்ந்தது என்பதற்கு ஜெரார்டு தெரு 43ஆம் எண்ணில் இருந்த இரவு விடுதி சான்று. அதை நடத்திய கேட் மெய்ரிக் பலமுறை சிறை சென்றவர். ஆனாலும் அவருடைய மகள்களில் ஒருத்தி 1926இல் டி கிளிஃபர்டு பிரபுவையும், இன்னொருத்தி 1928இல் கின்னோல் பிரபுவையும் மணந்தார்கள். சோதனைக்கு முன்பே சேதி சொல்ல, காவல்துறை சார்ஜென்ட் ஜார்ஜ் காடர்டுக்குக் கையூட்டு போய்க்கொண்டிருந்தது. அவருடைய வாரச் சம்பளம் ஏழு பவுண்டுக்கும் குறைவு. பிடிபட்டபோது பாதுகாப்புப் பெட்டகங்களில் இருந்தது ஏறத்தாழ 12,000 பவுண்டு. 1929 ஜனவரியில் அவருக்கு 18 மாதமும் மெய்ரிக்குக்கு 15 மாதமும் கடுங்காவல் கிடைத்தது. விடுதிக்குப் போய் ஆடிய பிள்ளைகளில் ஒருவருக்கும் அந்த வழக்கில் ஒன்றும் ஆகவில்லை.

தறிக்காரன்

இந்த இழையில் ஒரு தொகை விடுபட்டிருக்கிறது. 1921 முதல் அந்தப் பத்தாண்டு முழுவதும் பிரிட்டனில் வேலையற்றோர் எண்ணிக்கை பத்து லட்சத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. 1924இல் வேலையற்ற ஆண் ஒருவருக்கு வாரத்துக்கு 18 ஷில்லிங் உதவித்தொகை. 1928இல் அதை 17 ஆக்கினார்கள், 1931இல் 15 ஷில்லிங் 3 பென்ஸாக வெட்டினார்கள். 1926 மே மாதப் பொதுவேலைநிறுத்தத்தின்போது செல்வர் வீட்டு இளைஞர்கள் பேருந்து ஓட்டவும் ரயிலில் கரி அள்ளிப் போடவும் உற்சாகமாக ஓடிவந்தார்கள். பலருக்கு அதுவும் ஒரு விருந்தாகத்தான் இருந்தது.

1930 ஏப்ரலில் ஸ்டீபனின் அண்ணன் டேவிட் டெனன்ட் இசைமேதை மொசார்ட் காலத்து உடையில் ஒரு விருந்து வைத்தார். விருந்து முடிந்து விடியற்காலையில் பொய்முடியும் பட்டுக் கோட்டுமாகப் பிக்காடிலி வழியே வந்தவர்கள், அங்கே சாலையைத் தோண்டிக்கொண்டிருந்த தொழிலாளியின் துளைக்கருவியைத் தாங்கள் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார்கள். புகைப்படக் கலைஞர் செசில் பீட்டனும் அந்தப் படத்தில் இருக்கிறார். என் தாத்தா கைத்தறியில் உட்கார்ந்திருக்கும்போது வெளியூர்க்காரர் யாரோ வந்து அவரை எழுப்பிவிட்டு, தறியில் தாங்கள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போனார்களாம். அப்போது ஓடிக்கொண்டிருந்த இழை அறுந்துபோய், அதை முடிபோட அரை நாள் ஆனது என்று அவர் சொல்வார். பிக்காடிலி படத்தைப் பார்த்தால் எனக்கு அந்த இழைதான் நினைவுக்கு வருகிறது.

பற்றுவரவு (இழையைத் தொடங்கியவர்)

மதுரைப்பெண் சொன்னது சரி. எனக்குக் கிடைத்த கணக்குப் புத்தகம் எலிசபெத்தினுடையது என்பதால் அவரை மட்டும் தணிக்கை செய்துவிட்டேன். நாட்குறிப்பு எழுதும் பெற்றோர் வாய்த்ததுதான் அவர் செய்த பிழை. பிரையன் ஹோவர்டின் பக்கத்தில் ஒரு வரவையும் எழுத வேண்டும். ஜெர்மனியில் என்ன வளர்கிறது என்பதை 1930களின் தொடக்கத்திலேயே உணர்ந்து நண்பர்களிடம் கத்திச் சொன்னவர்களில் அவரும் ஒருவர், டயானா கேட்காமல் போனாலும். அவர் 1958இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

நெய்தல் என்னிடம் கேட்டதற்கு விடை தேடிப் பார்த்தேன். போர் அவர்களைத் தொடங்கிவைத்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அவர்களைப் பதினைந்து ஆண்டு ஓட்டியிருக்காது. நிறுத்தியது பணம்தான். 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க அளவையை, அதாவது பவுண்டின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் முறையை, கைவிட்டது. நவம்பரில் ரீஜன்ட்ஸ் பூங்கா அருகே ஆர்தர் ஜெஃப்ரெஸ் வைத்த விருந்தில் உடையும் உணவும் மதுவும் சிவப்பு, வெள்ளை என்ற இரண்டே நிறங்களில் இருந்தன. அதற்குப்பின் அந்த அளவில் ஒன்றும் நடக்கவில்லை, நடந்தாலும் பத்திரிகைக்கு அது சுவைக்கவில்லை. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்றாலும், ஆடுவதற்குக் கூடம் வேண்டுமே.

அச்சுக்கூடம் குறிப்பிட்ட ஒட்டுமீசை டாம் மிட்ஃபோர்டு 1945இல் பர்மாவில் போரில் இறந்தார். டேவிட் டெனன்ட் சோஹோவில் 1925இல் தொடங்கிய கார்காயில் கிளப்பின் சுவரில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் வரைந்த 'சிவப்பு ஓவியக்கூடம்' பல ஆண்டுகள் தொங்கியது. 1949இல் அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கூட்டம் செலவழித்த காசில் மதிப்பு ஏறிய ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும். ஸ்டீபன் டெனன்ட், வில்ஸ்ஃபோர்டு என்ற மாளிகையில் பெரும்பாலும் படுக்கையிலேயே, ஒரு நாவலைத் திருத்தித் திருத்தி முடிக்காமல், 1987வரை இருந்தார்.

எலிசபெத் 1929இல் டெனிஸ் பெல்லியை மணந்தார், சில ஆண்டுகளில் அது முறிந்தது. தந்தை 1930இல் பிரபுக்கள் அவைக்குப் போனார். 1940 மே மாதத்தில் தொழிற்கட்சி சர்ச்சிலின் கூட்டு அரசில் சேர்ந்தபோது, போரை ஏற்க முடியாத அந்த மனிதர் கட்சியைவிட்டு விலகினார். அதே ஆண்டில் குடியால் உடல் கெட்டுப்போன மகள் இறந்தார். அவருக்கு நாற்பதுகூட நிரம்பியிருக்குமா என்ற வயது.